விளைந்த இடம்: கென்யா

மொம்பாசா துறைமுகத்தை ராசாத்தி ஒருநாளும் பார்த்ததில்லை. கடலையே இரண்டு முறைதான் பார்த்திருக்கிறாள். இரண்டு முறையும் வேளாங்கண்ணியில், எஸ்டேட் ஆட்களோடு வேனில் போனபோது. ஆனால் மூன்று வருடமாக அவள் முதலாளிக்கு அந்தத் துறைமுகத்தில் இறங்கிய சரக்கும், அங்கிருந்து கென்யாவைக் குறுக்கே கடந்து உகாண்டாவுக்குள் போன சரக்கும் அவள் தட்டிக் கொடுத்த காகிதம் இல்லாமல் ஓரடி நகர்ந்ததில்லை.

ஏற்காட்டில், ஒண்டிக்கடை ரவுண்டானாவிலிருந்து ஏரிக்குப் போகும் வழியில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது வெண்பனி ஓவர்சீஸ். ஐந்து கம்ப்யூட்டர், ஐந்து பெண்கள். முதலாளி பாலசுப்பிரமணியம் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் தலைமுறையாக அரிசி, பருப்பு மொத்த வியாபாரம் செய்த குடும்பத்தைச் சேர்ந்தவர். மைத்துனர் நைரோபிக்குப் போய்க் காலூன்றியதும் இவரும் அங்கே ஒரு கம்பெனி வைத்தார். சரக்கு அங்கே, ஆட்கள் அங்கே, லாரிகள் அங்கே. காகித வேலை மட்டும் இங்கே. மலைமேல் சம்பளம் குறைவு, படித்த பெண்களுக்கு வேறு வேலையும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஏரிக்கு மேற்கே அவருக்கு ஒரு ரிசார்ட்டும் இருந்தது. மாதம் பத்து நாள் அதில்தான் வாசம்.

ராசாத்திக்கு முப்பத்தாறு வயது. மாரமங்கலத்துக்காரி. தபாலில் பி.காம். முடித்து, பதினோரு வருடம் ஓர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவள். எஸ்டேட் கைமாறி ஆட்களைக் குறைத்தபோது இங்கே வந்து சேர்ந்தாள். கணவன் சின்னராஜ் சொந்தமாக இருந்த இரண்டு ஏக்கரில் காபியும் சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிய மிளகும் பார்த்துக்கொண்டிருந்தான்.

வேலை அவளுக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. கென்யாவும் உகாண்டாவும் அடுத்தடுத்த நாடுகள். ஒன்றின் மண்ணில் விளைந்ததும் ஆலையில் செய்ததும் மற்றதற்குள் சுங்கவரி இல்லாமல் போகலாம் என்பது அவர்களுக்குள் ஏற்பாடு. கென்யாவிலிருந்து சோப்பு, சமையல் எண்ணெய், கூரைத் தகரம் போகும். உகாண்டாவிலிருந்து மக்காச்சோளம், பீன்ஸ், முட்டை, பால்மாவு வரும். இதே சரக்கு கடல் தாண்டி வெளியிலிருந்து வந்ததென்றால் கடுமையான வரி. அதனால் புசியா என்கிற எல்லை ஊரில் லாரி நின்றதும் முதலில் கேட்கிற காகிதம், இது எங்கே விளைந்தது, எங்கே செய்தது என்று சொல்லும் சான்றுதான். அதற்கான விண்ணப்பத்தையும் உறுதிமொழியையும் ராசாத்தி தட்டுவாள். கீழே, தயாரித்தவர் என்ற இடத்தில், அவள் பெயர் தானாக விழும்.

புசியாவில் அந்தக் காகிதங்களை வாங்கிச் சுங்க அலுவலகத்தில் கொடுத்துக் கையெழுத்துப் போடுகிறவள் நபுவிரே. உகாண்டாக்காரி. கம்பெனியின் எல்லை எழுத்தர். இருவரும் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில். இருவருக்குமே அது பள்ளிக்கூடத்தில் கற்ற மொழி என்பதால் மெதுவாகவும் தெளிவாகவும் பேசுவார்கள். நபுவிரே அவளை ‘டாடா’ என்றுதான் கூப்பிடுவாள். முதல் தடவை கேட்டபோது, பேச்சைத் தொடங்கும்போதே இவள் ஏன் போய்வருகிறேன் என்கிறாள் என்று ராசாத்தி குழம்பினாள். சுவாஹிலியில் அது அக்கா என்று பிறகு தெரிந்தது.

லாரி வரத் தாமதமாகும் நாட்களில் நபுவிரே குரல் பதிவாக எதையாவது அனுப்புவாள். நான்கு வயது மகள் பேசுவது, எல்லையில் முட்டை அட்டைகளைத் தலையில் சுமந்து வரும் பெண்கள் போடும் சத்தம், மழை. ராசாத்தி காபிப் பழத்தின் படம் அனுப்பினால், எங்கள் ஊர் மலையிலும் இதேதான், ஆனால் என் அம்மா சதுப்பு நிலத்துக்காரி, நெல்தான் போடுவாள் என்று பதில் வரும். புகிரிப் பக்கம் அவள் அம்மாவுக்கு ஒரு ஏக்கருக்கும் குறைவான நிலம். கைசோ என்றொரு ரகம் போடுவாளாம்.

நவம்பர் கடைசியில் வந்த பதிவு வேறு மாதிரி இருந்தது.

“டாடா, அம்மாவின் நெல்லை மூட்டை கட்டி மூன்று வாரமாகிறது. எப்போதும் ஆலைக்காரன் வயலுக்கே வந்து எடுத்துப்போவான். இந்த முறை போனே எடுக்கவில்லை. நேரில் போய்க் கேட்டால், கென்யா அரிசி மலிவாக வருகிறது, உங்களுடையது எனக்கு எதற்கு என்கிறான்.”

ராசாத்தி கேட்டாள். “கென்யாவில் அவ்வளவு அரிசி விளைகிறதா?”

“அவர்கள் விளைவிப்பது அவர்களுக்கே போதாது. இங்கிருந்துதான் வாங்குவார்கள். எனக்கும் புரியவில்லை.”

ராசாத்தி திரையைப் பார்த்தாள். அப்போதுதான் தட்டி முடித்த காகிதம் திறந்தபடி இருந்தது. பொருள்: அரிசி. இருபத்தைந்து கிலோ மூட்டை, 5,200. விளைந்த இடம்: கென்யா.

அவள் வேறொரு கோப்பைத் திறந்தாள். மொம்பாசாவில் இறங்கிய சரக்குகளின் பட்டியல். அதையும் அவளேதான் மாதாமாதம் சரிபார்த்து வைப்பாள். நவம்பர் முதல் வாரத்தில் காக்கிநாடாவிலிருந்து வந்த கப்பலில் ஐந்து கன்டெய்னர் நொய்யரிசி. 5,200 மூட்டை. பின்னோக்கிப் போனாள். ஆகஸ்டில் 3,120 மூட்டை இறங்கியிருந்தது. மூன்று வாரம் கழித்து 3,120 மூட்டை ‘கென்யா அரிசி’ உகாண்டாவுக்குப் போயிருந்தது. அதற்கு முன் மே மாதம். அதற்கு முன் பிப்ரவரி. மூன்று வருடத்தில் பதினோரு முறை. ஒரு முறைகூட மூட்டை எண்ணிக்கை முன்பின் இல்லை. வெள்ளாமை வீட்டில் பிறந்தவளுக்கு அதைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. எந்த ஊர் வயலும் கப்பலுக்கு ஏற்றபடி மூட்டை பிசகாமல் விளைவதில்லை.

போன தை மாதம் நடந்தது அவளுக்கு நினைவு வந்தது. ஏற்காட்டுக் கடை ஒன்றில் ‘நூறு சதம் சேர்வராயன் காபி’ என்று அச்சடித்த பாக்கெட்டை சின்னராஜ் வாங்கிப் பிரித்து, அங்கேயே முகர்ந்து பார்த்துவிட்டுக் கடைக்காரனோடு சண்டைக்குப் போனான். எங்கோ விளைந்த மட்டமான கொட்டையைக் கலந்து மலைப் பெயரை ஒட்டியிருந்தார்கள். அவன் காய வைத்த காபியோ கேட்க ஆளில்லாமல் களத்தில் கிடந்தது. அன்று அவனைச் சமாதானப்படுத்தி இழுத்துவந்தவள் ராசாத்திதான். விடுங்க, ஊர் உலகத்துல நடக்கறதுதான் என்று சொன்னாள். இப்போது அந்தச் சொல்லை நினைக்கவே அவளுக்குக் கூசியது.

அடுத்த புதன்கிழமை பாலசுப்பிரமணியம் மாடிக்கு வந்தபோது அவள் எழுந்துபோய்க் கேட்டாள்.

“ஏனுங்க சார், ஒரு சந்தேகமுங்க. இந்த அரிசி காக்கிநாடாவுல இருந்து வந்ததுதானுங்களே. கென்யாவுல வெளஞ்சதுன்னு போடச் சொல்லியிருக்கீங்க.”

அவர் செல்போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அங்க கொண்டுபோயி சலிச்சுச் சுத்தம் பண்றோம் கண்ணு. சாக்கு மாத்தறோம். அது கென்யா வேலைதான?”

“சலிச்சா வெளஞ்ச எடம் மாறுங்களா?”

“அரிசிக்கு என்ன ஜாதகமா எழுதறோம்? பசிக்கறவன் ஊர் பேரு கேட்டுட்டா திங்கறான்?”

“வெளைய வெக்கறவங்க கேப்பாங்களேங்க. அங்க நெல்லு போட்டவங்ககிட்ட வாங்க ஆளில்லாமக் கெடக்குதுங்களாம்.”

அப்போதுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை. சிரித்தார். “உனக்கு நொம்ப நல்ல மனசு. நீ அடிச்சுக் குடு சாமி. மத்ததெல்லாம் பெரியவங்க பாத்துக்குவாங்க.”

பக்கத்து நாற்காலியில் இருந்த மரியசெல்வி, வேண்டாம் அக்கா என்பதுபோல் தலையை அசைத்தாள். ராசாத்தி போய் உட்கார்ந்தாள். அன்று மாலைக்குள் அந்தக் காகிதத்தை அனுப்பியும் வைத்தாள். தெரிந்தும் அனுப்பிவிட்டோமே என்பதுதான் பின்னால் அவளைத் தூங்கவிடாமல் செய்தது. தெரியாமல் செய்த பத்துக்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். தெரிந்து செய்த பதினோராவதுக்கு ஒன்றுமில்லை.

டிசம்பர் இரண்டாம் வாரம் புசியாவில் பெருமழை. அந்த 5,200 மூட்டையோடு வரிசையில் நின்ற ஐந்து லாரிகளில் ஒன்றின் தார்ப்பாய் கிழிந்து சரக்கு நனைந்துவிட்டது. நனைந்த மூட்டைகளை இறக்கிப் பார்க்கச் சொன்னார்கள். இறக்கும்போது ஒரு சாக்கு பிளந்தது. உள்ளே இன்னொரு சாக்கு. அதில் கொட்டை எழுத்தில் ‘இந்தியாவில் விளைந்தது’ என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. அவசரத்தில் பழைய சாக்கை உருவாமலே மேலே புதிய சாக்கைப் போட்டுத் தைத்திருந்தார்கள்.

ஐந்து லாரியும் நிறுத்தப்பட்டன. உறுதிமொழியில் யார் கையெழுத்து என்று பார்த்தார்கள். நபுவிரேயைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

ராசாத்திக்கு இது தெரிந்தது மறுநாள் காலை, நபுவிரேயின் தம்பி வண்டேரா அக்காவின் போனிலிருந்து அனுப்பிய செய்தியில். அக்காவைப் போலீஸ் வைத்திருக்கிறது. தலைநகர் கம்பாலாவில் கம்பெனி ஆபீஸ் பூட்டியிருக்கிறது. நைரோபியில் யாரும் போனை எடுக்கவில்லை. நீங்கள் அவளுக்கு அக்கா மாதிரி என்று சொல்வாள். என்ன செய்வது என்று சொல்லுங்கள்.

அவள் பதில் எழுதுவதற்குள் ரிசார்ட்டிலிருந்து ஆள் வந்தது. முதலாளி கூப்பிடுகிறார்.

ரிசார்ட்டின் வரவேற்பறைக்குப் பின்னால் இருந்த அறையில் அவர் தனியாக இருந்தார். உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடத்தில் அவள் அவர் எதிரில் உட்கார்ந்தது அன்றுதான்.

“ஒரு லெட்டர் எழுதணும். உன்ற இங்கிலீசு நல்லா இருக்கும். எழுதிக்க.” அவர் சொல்லச் சொல்ல அவள் நோட்டில் குறித்தாள். மேற்படி சரக்கு கென்யாவில் விளைந்தது என்று எல்லையில் இருந்த எங்கள் எழுத்தர் தாமாகவே சான்று திரட்டிக் கொடுத்தார். அவரை நம்பி எங்கள் அலுவலகம் காகிதம் தயாரித்தது. அவர் செய்த மோசடிக்கு நாங்கள் பொறுப்பல்ல.

மூன்றாவது வரியில் அவள் பேனாவை வைத்துவிட்டாள்.

“இது பொய்யிங்க.”

“மொதல்ல எழுதி முடி.”

“அவ ஒரு வரிகூட எழுதலீங்க. நீங்க மெயில்ல சொன்னீங்க, நான் தட்டுனேன். அவ நம்மள நம்பிக் கையெழுத்துப் போட்டா. அவ்வளவுதானுங்க.”

“அவளுக்கு அது சொந்த ஊரு. ரெண்டு மாசம் வெச்சிருந்துட்டு விட்டுருவாங்க. நம்ம மேல விழுந்தா கம்பெனியே போயிரும். அஞ்சு பொம்பளப் புள்ளைங்க சோறு திங்கறீங்க, ஞாபகம் வெச்சுக்க.”

“அவளும்தானுங்க உங்க கம்பெனியில சோறு திங்கறா. நாலு வயசுல புள்ள இருக்குதுங்க அவளுக்கு.”

“நீ போயிப் பாத்தியா? போன்ல கேட்டதுதான.” அவர் டீயை ஓர் ஓரமாகத் தள்ளி வைத்தார். “இன்னொண்ணும் சொல்றேன். தயாரிச்சவர்னு ஒவ்வொரு பேப்பர்லயும் உம் பேருதான் இருக்கு. எம் பேரு எங்கயும் இல்ல. விசாரணைன்னு வந்தா அவளுக்கு அடுத்தது நீதான். ஊட்டுக்குப் போயி உன்ற வூட்டுக்காரன்கிட்ட கேட்டுட்டு வா. அதுக்கு முன்னால அந்தப் பழைய மெயிலெல்லாம் அழிச்சுரு.”

ராசாத்திக்குப் பயமும் இருந்தது. ஆனால் பயத்தைவிட, இந்த மனிதர் இதையெல்லாம் டீ கொடுத்து உட்காரவைத்துச் சொல்கிறாரே என்ற எரிச்சல் மேலே நின்றது. அங்கே ஓர் அம்மாவின் நெல்லை விற்கவிடாமல் அடித்து, அவள் மகளின் கையெழுத்தையே அதற்குக் கருவியாக்கி, இப்போது அந்த மகளையே உள்ளே தள்ளக் கடிதம். அதை எழுத மலைக்காரி ஒருத்தியின் இங்கிலீசு. எல்லாம் போக, ஐந்து பேர் சோறு என்று ஒரு பேச்சு.

நோட்டிலிருந்து அந்தத் தாளைக் கிழித்தாள். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். “நான் எழுத மாட்டேனுங்க. நீங்க சொன்னது இதுல இருக்குது. இது எங்கிட்டவே இருக்கட்டுங்க.”

அவர் எழுவதற்குள் வெளியே வந்துவிட்டாள்.

ஏரிக்கரையில் பாதி தூரம் வந்திருப்பாள், போன் அடித்தது. மரியசெல்வி. குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

“அக்கா, உங்க பாஸ்வேர்ட ஒடனே மாத்தச் சொல்லி போன் வந்துச்சுங்க. சிஸ்டம் ஸ்லோவா இருக்குது, அரை மணி நேரமாகும்னு சொல்லியிருக்கறேன்.”

சுற்றுலாக்காரர்கள் ஒதுங்கி வழிவிட, ராசாத்தி ஓடினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பேக்கரி வாசலில் நின்றவர்களை இடித்துக்கொண்டு மாடியேறினாள். பதினோரு சரக்குக்கும் முதலாளி அனுப்பிய மெயில்கள் இருந்தன. ‘போன தடவை மாதிரியே கென்யா என்று போடு.’ அவ்வளவுதான் ஒவ்வொன்றிலும். கூடவே காக்கிநாடாவிலிருந்து வந்த கப்பல் காகிதங்கள். எல்லாவற்றையும் பென் டிரைவில் இறக்கினாள். மற்ற மூவரும் தட்டுவதை நிறுத்தவே இல்லை. மரியசெல்வி ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் ராசாத்தி ஆபீஸ் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு இறங்கினாள்.

மாரமங்கலம் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். வீட்டுக்குப் போனபோது சின்னராஜ் களத்தில் காபியைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தான். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கிளறுகட்டையை ஊன்றி நின்று கேட்டான்.

“ஏம்புள்ள, எழுத மாட்டேன்னு சொன்னது செரி. அதோட உட்டுரு. வேலை போனாப் போவுது. இதையெல்லாம் அங்க அனுப்புனா உன்னையும்தான இழுப்பாங்க.”

“இழுக்கட்டுங்க.”

“எங்கயோ இருக்கறவ. மூஞ்சியக்கூட நேர்ல பாத்ததில்ல.”

“அவ மூஞ்சியப் பாக்காமத்தானுங்க மூணு வருசமா தட்டுனேன். பாத்திருந்தா மொத தடவையே கை வந்திருக்காது.” அவள் குரல் உயர்ந்தது. “போன தையில அந்தப் பாக்கெட்டப் பிரிச்சுட்டுக் குதிச்சீங்களே. அங்க நான் செஞ்சதும் அதே வேலைதானுங்க. கடைக்காரன அடிக்கப் போனீங்க. என்னைய என்ன பண்றீங்க?”

சின்னராஜ் அவளையே பார்த்தான். பிறகு கிளறுகட்டையைச் சுவரில் சாய்த்தான். “இங்க கெடைக்கற டவர்ல இத்தனையும் போவாது. காலையில ஏற்காடு போலாம். நானும் வர்றேன்.”

மறுநாள் கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து அவள் மூன்று பக்கம் எழுதினாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவள் எழுதிய முதல் ஆங்கிலக் கடிதம் அது. தேதிகள், கப்பல் பெயர்கள், மூட்டை எண்ணிக்கை, முதலாளியின் மெயில்கள். எல்லைச் சுங்கத்தின் புகார் முகவரிக்கும், வண்டேராவிடம் கேட்டு, அவன் பிடித்திருந்த வக்கீலுக்கும் அனுப்பினாள். ரிசார்ட்டில் குறித்த தாளையும் படமெடுத்துச் சேர்த்தாள். பக்கத்தில் நின்ற சின்னராஜ் கடைசிப் பத்தியைக் காட்டி, இது என்ன என்று கேட்டான்.

“இதையெல்லாம் தட்டுனது நாந்தான்னு எழுதியிருக்கறேனுங்க. கடைசி ஒண்ண தெரிஞ்சே தட்டுனேன்னும்.”

“அது எதுக்கு?”

“அத மறைச்சா மத்ததையெல்லாம் எப்படிங்க நம்புவாங்க?”

ஒன்பதாம் நாள் நபுவிரேயை விட்டார்கள். பாஸ்போர்ட்டையும் எழுத்தர் உரிமத்தையும் விசாரணை முடியும்வரை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வண்டேரா இரண்டு வரி அனுப்பினான். நபுவிரேயிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நான்கு நாள் கழித்து ஒரு குரல் பதிவு வந்தது. ராசாத்தி அதைக் காபிச் செடிகளுக்கு நடுவே நின்று, பழம் பறித்துக்கொண்டே கேட்டாள்.

“உன் கடிதத்தை வக்கீல் படித்துக் காட்டினார். அதனால்தான் வெளியே வந்தேன். அது எனக்குத் தெரியும்.” கொஞ்சம் நிறுத்தம். பின்னால் குழந்தை ஏதோ கேட்கிறது. “ஆனால் நவம்பரில் அம்மாவின் நெல்லைப் பற்றி உன்னிடம் சொன்னேன். அன்றே உனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகும் ஒன்றை அனுப்பினாய். நான் அதில் கையெழுத்துப் போட்டேன். என் அம்மாவின் வாசலுக்கு வரவேண்டிய ஆலைக்காரனை நானே என் கையால் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், டாடா. ஒரே ஒரு வார்த்தை.”

ராசாத்தி பதில் அனுப்பவில்லை. எதை அனுப்பினாலும் அது தனக்காகப் பேசுவதாகவே இருக்கும் என்று பட்டது.

ஜனவரி கடைசியில் விசாரணை. அவளை வீடியோவில் சாட்சி சொல்லக் கேட்டிருந்தார்கள். உகாண்டாவில் காலை பத்து மணி, இங்கே பன்னிரண்டரை. அதே கம்ப்யூட்டர் சென்டரின் உள்ளறையை சின்னராஜ் பேசிப் பிடித்திருந்தான். திரையில் ஒரு பெண் அதிகாரி, நடுவயது, மூக்குக்கண்ணாடி. ஒரு மூலையில் சிறு சதுரத்தில் நபுவிரே. மெலிந்திருந்தாள். இன்னொரு சதுரத்தில் கம்பெனியின் வக்கீல்.

வக்கீல்தான் முதலில் பேசினார். இந்தப் பெண் ஒரு சாதாரணத் தட்டச்சுக்காரர். வேலையிலிருந்து நீக்கப்பட்ட கோபத்தில் கம்பெனியின் காகிதங்களைத் திருடியிருக்கிறார். வியாபாரம் என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது.

ராசாத்தி அவர் முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு, கையிலிருந்த பட்டியலைப் பார்க்காமல், பதினோரு சரக்கையும் வரிசையாகச் சொன்னாள். எந்தத் தேதியில் எந்தக் கப்பல், எத்தனை மூட்டை, எந்தத் தேதியில் அதே மூட்டை எல்லையைத் தாண்டியது. நடுவே வக்கீல் குறுக்கிட்டபோது, “நான் தட்டியதுதான் ஐயா, எனக்குத் தெரியும்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொடர்ந்தாள்.

அதிகாரி எழுதி முடித்துவிட்டுக் கேட்டார். “இத்தனையும் உங்கள் கண் முன்னால் இருந்திருக்கிறது. மூன்று வருடம் ஏன் பார்க்கவில்லை?”

கேள்வியில் கடுமை இல்லை. நாங்கள் சொன்னதைச் செய்கிறவர்கள் என்று சொல்லலாம். அது பாலசுப்பிரமணியம் அவளைப் பற்றிச் சொல்வது. எங்கோ நடக்கிறது என்று நினைத்தேன் என்று சொல்லலாம். அது களத்தில் சின்னராஜ் நபுவிரேயைப் பற்றிச் சொன்னது.

“பார்க்க வேண்டியது என் வேலை” என்றாள். “பார்க்கவில்லை. கடைசி ஒன்றை, பார்த்த பிறகும் அனுப்பினேன். இதற்காக என்னை என்ன செய்தாலும் சரி. ஆனால் அந்தப் பெண்ணின் உரிமத்தை இன்று திருப்பிக் கொடுங்கள். நாங்கள் எல்லோரும் சேர்ந்து செய்ததற்கு அவள் மட்டும் ஒன்பது நாள் உள்ளே இருந்திருக்கிறாள்.”

உரிமம் அன்று வரவில்லை. மார்ச்சில்தான் வந்தது. உகாண்டாவில் வெண்பனி ஓவர்சீஸ் வியாபாரம் செய்யக்கூடாது என்று உத்தரவும் வந்தது. ராசாத்தியின் மேல் வழக்கில்லை, எச்சரிக்கை மட்டும். நபுவிரேயின் அம்மாவின் நெல்லில் பாதியை ஒரு பள்ளிக்கூட விடுதி எடுத்துக்கொண்டது. மீதியில் பூச்சி விழுந்துவிட்டது. நபுவிரே இதைச் சொல்ல அழைத்தபோது இருவரும் அதிகம் பேசவில்லை. ஆனால் முடிக்கும்போது அவள் மறுபடி டாடா என்றாள்.

ஏற்காட்டில் ஒன்றும் நடக்கவில்லை. பாலசுப்பிரமணியத்தை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. சோறு போட்ட கையைக் கடித்தவள் என்று கடைத்தெருவில் ராசாத்தியைத்தான் காட்டினார்கள்.

ஏப்ரலில் மிளகை வியாபாரியிடம் போட ஏற்காடு வந்தவள், பேக்கரி மாடியில் புதுப் போர்டைப் பார்த்தாள். பெயர் வேறு. படிக்கட்டு அதே. மேலே தட்டும் சத்தமும் அதே. சின்னராஜ், வேண்டாம் புள்ள என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் பாதிப் படி ஏறியிருந்தாள்.

ஐந்து கம்ப்யூட்டர். மரியசெல்வி இருந்தாள். ராசாத்தியின் பழைய நாற்காலியில் புதிதாக ஒரு பெண். உள்ளறைக் கதவு திறந்திருந்தது. பாலசுப்பிரமணியம் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

ராசாத்தி நடுவில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். “தான்சானியாவோ கென்யாவோ, எந்த நாட்டுப் பேரு போடச் சொன்னாலும் சரிங்க. மொதல்ல கப்பல் பட்டியல்ல மூட்டை எண்ணிக்கையப் பாருங்க. அதுவும் பேப்பர்ல இருக்கறதும் ஒண்ணா இருந்தாத் தட்டாதீங்க. கீழ உங்க பேருதான் விழும். அங்க கையெழுத்துப் போடறவ உள்ள போவா.”

“யாரு இவள மேல விட்டது?” பாலசுப்பிரமணியம் வாசலுக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது. “எறங்கு மொதல்ல.”

“எறங்கறேனுங்க. சொல்ல வேண்டியது சொல்லியாச்சு.” அவள் அவரை நேராகப் பார்த்தாள். “உங்க பேரு எங்கயும் இல்லைன்னீங்களே. அங்க பதினோரு மெயில்ல இருக்குதுங்க.”

புதிதாக வந்த பெண் தட்டுவதை நிறுத்திவிட்டு, திரையில் எதையோ மேலும் கீழும் நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராசாத்தி படியிறங்கினாள். கீழே சின்னராஜ் மிளகு மூட்டையோடு நின்றிருந்தான். எதுவும் கேட்காமல் மூட்டையின் ஒரு முனையை அவள் பக்கம் நீட்டினான். இருவருமாகத் தூக்கிக்கொண்டு ரவுண்டானாவை நோக்கி நடந்தார்கள்.